இசைத்துறையும் இணையப் பதிவிறக்கமும்: பூட்டுகள் தந்த பாடம்

பாடல்களை அனுமதியின்றிப் படியெடுக்கும் வழக்கம் இணையத்துக்கு முன்பே இருந்தது. வீடுகளில் ஒலிநாடாவில் பாடல்களைப் பதிவது இசையையே அழித்துவிடும் என்று பிரித்தானிய இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1980களில் பரப்புரை செய்தது. இசை அழியவில்லை. ஆயினும் 1999இல் நாப்ஸ்டர் தோன்றியபோது அதே அச்சம் மேலும் வலுவாகத் திரும்பியது.

ஷான் ஃபானிங் உருவாக்கிய நாப்ஸ்டர், தம் கணினியிலுள்ள எம்பி3 கோப்புகளைப் பயனர்கள் ஒருவருக்கொருவர் பகிர வழிசெய்தது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் அவ்வாண்டு டிசம்பரிலேயே வழக்குத் தொடுத்தது. 2001 சூலையில் அச்சேவை நின்றது. ஆனால் பகிர்வு கசா போன்ற வேறு மென்பொருள்களுக்கு இடம் மாறியது. 2003 செப்டம்பரில் சங்கம் தனிமனிதர்கள் மீதும் வழக்குகளைத் தொடுக்கத் தொடங்கியது. அவ்வழக்குகளில் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் சிக்கினாள்.

இந்த அணுகுமுறையின் குறையை 2005இல் நடந்த நிகழ்வு தெளிவாகக் காட்டியது. சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் குறுந்தட்டுகள் பலவற்றில் படியெடுத்தலைத் தடுக்கும் மென்பொருளைச் சேர்த்திருந்தது. விண்டோஸ் கணினியில் தட்டை இயக்கியவர்களின் கணினிக்குள் அது புகுந்து மறைந்துகொண்டது. அந்த மறைவிடத்தைத் தீய நிரல்களும் பயன்படுத்திக்கொண்டன. எதிர்ப்பு எழவே நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. இதில் பாதிக்கப்பட்டவர்கள் பணம் கொடுத்து வாங்கிய நேர்மையான வாடிக்கையாளர்களே. இலவசமாகப் பதிவிறக்கியவருக்கு எத்தொல்லையும் இல்லை.

இசைத்துறையின் அச்சம் பொய்யன்று. குறுந்தட்டு விற்பனை உண்மையிலேயே சரிந்தது. படைப்பாளிகளுக்கும் இழப்பு ஏற்பட்டது. ஆனால் கேட்போர் ஏன் நாப்ஸ்டரை நாடினர் என்பதைத் துறையினர் ஆராயத் தவறினர். பிடித்த ஒரு பாடலுக்காக முழுத் தொகுப்பையும் வாங்கவேண்டிய நிலையே அன்று பெரும்பாலும் இருந்தது. 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து, ஒரு பாடலை 99 சென்டுக்கு விற்றது. முதல் வாரத்திலேயே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் விற்றன. எளிய வழியும் நியாயமான விலையும் இருந்தால் மக்கள் பணம் கொடுப்பர் என்பதை இது மெய்ப்பித்தது. அக்கடையின் பாடல்களிலும் இருந்த படியெடுப்புத் தடை 2009இல் நீக்கப்பட்டது.

கேட்போரின் தேவையை நிறைவுசெய்யும் கடையை இசைத்துறையே முதலில் திறந்திருக்கலாம். வழக்குகளிலும் பூட்டுகளிலும் காலத்தைச் செலவிட்டதால், அவ்வாய்ப்பு கணினி நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இன்று ஓடை வழிச் சேவைகளில் பாடுவோருக்கும் இசையமைப்போருக்கும் கிடைக்கும் பங்கு போதுமா என்ற கேள்வி எழுந்துள்ளது. திருட்டைத் தடுப்பதில் காட்டிய முனைப்பை இப்பங்கீட்டிலும் காட்டுவது இசைத்துறையின் கடமையாகும்.