விண்ணப்பம் என்னும் கதையாடல்

அக்கா மகள் அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் தயார். பாக்கி இருந்தது ஒரு கட்டுரை. அங்குள்ள பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் அதற்கு உச்ச அளவு 650 வார்த்தைகள். 'நீங்கதான் கதையப் பத்தி எழுதறீங்களே மாமா, சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமே நடக்கலியே' என்றாள்.

இவ்வகைக் கட்டுரைக்கான கையேடுகள் தரும் உத்திகள் சிறுகதை வாசகருக்குப் புதியவை அல்ல. நிகழ்ச்சியின் நடுவில் தொடங்கு. வாழ்க்கை வரலாறு வேண்டாம், ஒரு கணம் போதும். 'விடாமுயற்சி உள்ளவள்' என்று சொல்லாதே, செய்ததைக் காட்டு. இவற்றில் பிழை இல்லை. பண்புப்பெயர் யாருக்கும் பொருந்தும், செயல் ஒருவருக்கே பொருந்தும். சிக்கல் கடைசி உத்தியில்: கதைசொல்லி இறுதியில் மாறியிருக்க வேண்டும். மாறுவதற்கு முதலில் அடிபட வேண்டுமே!

வாய்மொழிக் கதைகளை ஆராய்ந்த லபோவும் வாலெட்ஸ்கியும் 1967இல் 'மதிப்பீடு' என்றொரு கூறைப் பிரித்துக் காட்டினர். 'சரி, அதனால என்ன?' என்று கேட்பவர் கேட்டுவிடாதபடி கதைசொல்லி செய்துகொள்ளும் ஏற்பாடு அது. விண்ணப்பத்தில் இக்கூறு மற்றவற்றை விழுங்கிவிடுகிறது. நிகழ்ந்ததன் பொருளை நிகழ்ந்தவளே தீர்மானிப்பதில்லை. இடம் தருபவருக்கு உகந்த பொருளை ஊகித்து எழுதுகிறாள்.

நானும் இதற்குத் தப்பவில்லை. 2020இல் அவள் அப்பாவுக்கு வேலை போனது. 'அதுதான் கதை' என்றேன். அவள் சொன்னாள்: 'அது அப்பாவோடது மாமா. என்னோடது இல்ல.'

சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. அடுப்படியில் குட்டி ஈன்ற நாய் குரைக்கிறது, சுவர் செல்லரித்திருக்கிறது, குப்பையில் பறித்த கீரையை உப்பின்றி வேகவைத்தவள், பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமையை இதைவிடக் காட்சியாக்க எந்தக் கையேடும் கற்றுத்தர முடியாது. அவள் சாத்திய கதவைக் கவிதை திறந்துவிடுகிறது என்பதும் உண்மையே. ஆனால் பரிசில் பெற்றுவந்தவன் அதைச் சொல்வது தன்னைப் போன்ற இன்னொரு பாணனிடம். நல்லியக்கோடன் காதிலும் விழும்தான். எனினும் எதிரில் இருப்பவன் அதே பசி தெரிந்தவன். விண்ணப்பக் கட்டுரையில் அந்த இன்னொரு பாணன் இல்லை.

அந்த இடத்தில் இருப்பது யார் என்பதற்கு வரலாறு உண்டு. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் யூத மாணவர் பெருகுவர் என்ற அச்சத்தில் 1920களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவை 'குணநலன்' என்ற அளவுகோலை நுழைத்ததை ஜெரோம் காரபெல் 2005இல் வெளியான நூலில் விரித்துரைக்கிறார். தன்னைச் சொல் என்ற அழைப்பு விலக்கிவைக்கும் கருவியாகவும் இருந்திருக்கிறது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் காரணியாக்கும் முறையை ரத்து செய்தது. ஆனால் இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என ஒருவர் எழுதினால் அதைக் கருதத் தடையில்லை என்றது. கட்டத்தில் ஒரு குறியிட்டுச் சொல்ல முடிந்ததை இனிக் கதையாக நிகழ்த்தியாக வேண்டும். காயத்துக்குக் கதைக்கட்டு கேட்கும் அதிகாரம் இது. கதைசொல்லத் தெரியாதவன் காயம் கணக்கில் வராது.

எனில் உத்திகளைத் தூக்கி எறிவதா? இல்லை. எதைச் சொல்வது, எதைச் சாத்தி வைப்பது என்று தேர்வதும் உத்திதான். கையேடுகள் அதைப் பேசுவதில்லை.

கடைசியில் அவள் எழுதியது 2019 சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தை. அப்போது ஆறாம் வகுப்பு. தெருவுக்கு லாரி வரும்போது எந்த வீட்டுக்கு எத்தனை குடம் என்று நோட்டில் குறிப்பவள் இவள். கணக்கு ஒருநாளும் இடிக்காமல் இருந்ததில்லை. ஒவ்வொரு வீட்டுக் குடமும் ஒவ்வோர் அளவு என்பது பிறகே தெரிந்தது. 'குடம்னா எவ்ளோ?' என்ற கேள்வியோடு கட்டுரை நிற்கிறது.

'அன்று பகிர்தலைக் கற்றேன்' என ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். அடித்துவிட்டாள். 'அன்னிக்கு அப்படியெல்லாம் தோணல மாமா.'

இடம் கிடைக்குமா, தெரியாது. அடித்தது சரி.