நோயாளியின் அன்றாடத்தைக் காக்கும் சிகிச்சை

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் இருக்கிறது, புண்ணுக்குக் கட்டு இருக்கிறது. கொல்லைப்புறக் கழிவறைவரை துணையில்லாமல் போய்வர முடியாத நிலைக்கு மாத்திரை எதுவும் இல்லை. நோய் முற்றியவர்களைப் பல நேரம் வலியைவிடக் குன்றச் செய்வது இந்த இயலாமைதான். இதைத் தன் பொறுப்பாக ஏற்ற துறை, ஆக்குபேஷனல் தெரபி என்ற செயல்முறைச் சிகிச்சை. ஆதரவுச் சிகிச்சையில் (பாலியேட்டிவ் கேர்) அதற்கு உரிய இடத்தைத் தந்தே ஆக வேண்டும். ஆனால், நகர மருத்துவமனையில் இருக்கும் வடிவிலேயே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் தியாகதுருகத்துக்கு வந்தால் அதனால் கிடைக்கும் பயன் குறைவாகவே இருக்கும்.

இதன் முதல் பலம், நோயாளியின் ஒரு நாளை எழுந்தது முதல் படுப்பதுவரை கவனிப்பது. கீமோதெரபியால் விரல் மரத்துப்போன பெண்ணுக்கு அரிவாள்மனையும் சூடான பாத்திரமும் ஆபத்தாகின்றன. எந்த வேலையை எப்படி மாற்றிச் செய்யலாம் என்று இந்தச் சிகிச்சை கற்றுத்தருகிறது. சோர்வு மிகுந்தவருக்கு, தெம்புள்ள காலை நேரத்தை எதற்குச் செலவிடலாம், எதைப் பிறரிடம் விடலாம் என்று திட்டமிட உதவுகிறது. நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் உடலை முறுக்காமல் புரளவும் எழவும் பழக்குகிறது. கட்டில்கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்துவது, பிளாஸ்டிக் நாற்காலியில் துளையிட்டுக் கழிவறை இருக்கையாக்குவது, உட்கார்ந்தபடி சமைக்க அடுப்பின் உயரத்தை மாற்றுவது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. பூ கட்டுவதோ பேரப்பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதோ ஒருவருக்கு முக்கியமென்றால், அதைச் செய்ய வழி தேடுவதும் இங்கே சிகிச்சைதான்.

மூச்சுத்திணறலில் இதற்குச் சான்றும் உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோயாளிகள் உட்பட முற்றிய நோயுள்ள 105 பேர் பங்கேற்றனர். ஆதரவுச் சிகிச்சை மருத்துவர், நுரையீரல் மருத்துவர், இயன்முறை மருத்துவர், செயல்முறைச் சிகிச்சையாளர் ஆகியோர் ஒரே குழுவாகக் கவனித்தபோது, மூச்சுத்திணறலைச் சமாளிக்கும் திறன் நோயாளிகளிடம் கூடியது. இது கூட்டு முயற்சியின் வெற்றி. அதில் செயல்முறைச் சிகிச்சையின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியே பிரித்துச் சொல்ல இயலாது.

அதைத் தனியாகச் சோதித்த ஆய்வு டென்மார்க்கில் நடந்தது. வீட்டில் வாழும் 242 முற்றிய புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியான அதன் முடிவில், அன்றாடச் செயல்திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இச்சிகிச்சையின் ஆதரவாளர்கள் இந்த முடிவைத் தள்ளிவிடக் கூடாது. அங்கே பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஓரிரு வீட்டுச் சந்திப்புகளே. வாரத்துக்கு வாரம் மாறும் நோய்க்கு ஒருமுறை சொன்ன அறிவுரை போதாது என்பது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

ஓரிரு சந்திப்போடு நின்றுவிடுவது முதல் குறை என்றால், இரண்டாவது குறை, துணையின்றி வாழ்வதையே இலக்காக வைக்கும் இச்சிகிச்சையின் அளவுகோல். நம் வீடுகளில் மகள் சோறு ஊட்டினால் அதைத் தோல்வி என்று யாரும் எண்ணுவதில்லை. அதே சமயம், ‘நீ படு, நாங்க பாத்துக்கிறோம்’ என்ற பாசம் நடக்கக்கூடியவரையும் படுக்கையில் கிடத்திவிடுகிறது. தசை தளர்ந்து, படுக்கைப்புண் வந்து, இருந்த தெம்பும் போகிறது. எதைத் தானே செய்ய விருப்பம், எதில் உதவி வேண்டும் என்று நோயாளியிடமே கேட்கும் சிகிச்சையாளர் குடும்பத்துக்கும் நல்ல துணையாவார்.

பெரிய குறை, ஆளில்லாமை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. இது போற்ற வேண்டிய ஏற்பாடு. ஆனால் அதன் அடிப்படைக் குழுவில் செயல்முறைச் சிகிச்சையாளருக்கு இடமில்லை. இத்துறையினர் பெரும்பாலும் நகரங்களிலேயே பணிபுரிகிறார்கள். தியாகதுருகத்துக்கே எட்டாத இந்தச் சேவை, கல்வராயன் மலையின் சிற்றூர்களுக்கு இன்னும் தொலைவில் இருக்கிறது.

ஒன்றியத்துக்கு ஒருவரை நியமிக்கும்வரை காத்திருக்க நோயாளிக்கு நாளில்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலில் ஒருவரை அமர்த்தலாம். ஏற்கெனவே வீடு வீடாகப் போகும் செவிலியருக்கும் இயன்முறை மருத்துவருக்கும் அவர் பயிற்சி தர வேண்டும்; சிக்கலான நோயாளிகளை நேரில் சென்று பார்க்க வேண்டும். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய ஆதரவுச் சிகிச்சை இயக்கம், பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தாரின் துணையோடுதான் கேரளமெங்கும் வளர்ந்தது. அந்த வழி நமக்கும் பொருந்தும்.

இன்னொன்று, காலம். புதுச்சேரி ஜிப்மரிலோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ சிகிச்சை முடிந்து நோயாளி வீடு திரும்பும் வாரத்திலேயே முதல் சந்திப்பு நடக்க வேண்டும். படுத்த படுக்கையான பிறகு அழைத்தால், எவ்வளவு திறமையானவராலும் செய்ய முடிவது கொஞ்சமே. அந்த முதல் சந்திப்பில், தான் செய்ய விரும்பும் ஒரு காரியத்தை நோயாளி சொல்ல வேண்டும். அடுத்தடுத்த சந்திப்புகளில் அது கைகூடியதா என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். சிகிச்சை பயன் தந்ததா என்று அளக்க அதுவே நேர்மையான வழி.