ரசீதில் இருக்கும் நூலகம்

விளையாட்டரங்கத்துக்குக் கொட்டும் கோடிகளை நூலகத்துக்குக் கொடுங்கள் என்பது இன்று படித்தவர்களுக்குப் பிடித்த கோபம். கணக்கோ வேறு மாதிரி இருக்கிறது. மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஏறத்தாழ 215 கோடி ரூபாய். அடுத்த ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் திறந்த ஏறுதழுவுதல் அரங்கத்துக்குச் சுமார் 63 கோடி. சண்டை தொகையைப் பற்றியது என்றால் நூலகம் எப்போதோ ஜெயித்துவிட்டது.

அரங்கம் ஆண்டில் சில நாள்தான் நிறையும், நூலகம் தினமும் பயன்படும் என்பது உண்மைதான். 2011-இல் சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தை மருத்துவமனையாக்க அரசு முடிவெடுத்தபோது நீதிமன்றம் வரை போய்த் தடுத்ததற்காகவும் நூலகப் பற்றாளர்களுக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் அவர்கள் கண்ணுக்குப் பெருநகரக் கட்டடம்தான் தெரிகிறது, புதுவாயல் தெரிவதில்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டைக்குப் பக்கத்து ஊர். இங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்க்கொண்டே டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் ஐடிஐ பையன், சென்னையைக் குறுக்கே கடந்து கோட்டூர்புரம் போய் வர முடியுமா? அவனுக்கு வேண்டியது ஷிஃப்ட் முடிந்து வரும்போது திறந்திருக்கும் ஓர் அறை.

அதற்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விளையாட்டுக்கென்று தனி வரி கிடையாது. நூலகத்துக்கு உண்டு, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரி சேர்த்தே வாங்குகிறார்கள், குடிசைக்காரரிடமும் ஆலை முதலாளியிடமும். ஆலைகள் நிறைந்த ஊராட்சிகளில் அது சில்லறைக் காசாக இருக்காது. அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். வசூலித்த உள்ளாட்சிகள் அதைக் கட்டாமல் பாக்கி வைப்பது பழைய கதை.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. 2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளுக்கு நூலகமும் விளையாட்டு மைதானமும் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த அந்தத் திட்டத்தை இன்றைய பட்டிமன்றக்காரர்கள் மறந்தே போனார்கள். அந்த நூலகங்கள் ஊராட்சியின் பொறுப்பில், அதாவது ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வந்தன. நூலக வரியோ பொது நூலகத் துறைப் பக்கம் போகிறது. வரி கொடுக்கும் கிராமத்தின் நூலகத்துக்கு அந்த வரியில் பங்கில்லை! சொற்ப மதிப்பூதியத்துக்கு ஒரு பகுதிநேர ஆள், பழைய புத்தகங்கள், பிறகு பூட்டு. பல ஊர்களில் இதுதான் நடந்தது. மைதானத்தில் முள் மண்டினாலும் பையன்கள் வெட்டிவிட்டு ஆடுவார்கள். பூட்டிய கதவை யார் வெட்டுவது?

விளையாட்டரங்கத்தைத் திட்டுவது சுலபம். அதில் எந்த அதிகாரியும் பதில் சொல்லத் தேவையில்லை. நூலகப் பற்று என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இந்தத் தப்பித்தல்தான்.

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்து நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து, நம் ஊராட்சியில் இந்த ஆண்டு வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குக் கட்டியது எவ்வளவு, நம் நூலகத்துக்குத் திரும்பி வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.