ஸ்பிட்ஃபையரின் பின்சக்கரம்: பழி ஒரு பக்கம், கோளாறு ஒரு பக்கம்

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபையரைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரே தீர்ப்புதான்: ‘ஸ்விங் ஆக்சில் வண்டி, வளைவுல ஆக்சிலரேட்டரை விட்டா பின்பக்கம் வீசிடும்.’ பொய்யில்லை. ஆனா எல்லா ஸ்பிட்ஃபையருக்கும், எல்லாக் கோளாறுக்கும் இதையே எழுதுறதுதான் எனக்கு இடிக்கிறது.

பொய்யில்லாத பகுதி முதலில். 1962-ல் வந்த இந்த வண்டி, ஹெரால்டின் பின் அமைப்பை எடுத்துக்கொண்டது. அரை ஆக்சிலுக்கு டிஃபரன்ஷியல் பக்கம் மட்டும்தான் யூனிவர்சல் ஜாயின்ட். சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்தே சாயும். வளைவின் பாதியில் காலை எடுத்தால் எடை முன்னால் போகும், பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கி டயர் ஓரத்தில் நிற்கும். பிடி போச்சு.

1970-ல் வந்த மார்க் 4-ல் இதைச் சரிசெய்தார்கள். குறுக்கே கிடக்கும் லீஃப் ஸ்பிரிங்கின் பெரும்பாலான பட்டைகளை டிஃபரன்ஷியல் மேல் இறுக்காமல் நடுவில் ஊசலாட விட்டார்கள். வண்டி சாயும்போது பின்பக்கம் எதிர்ப்பது குறைந்தது. அந்த வேலையை முன்னால் தடித்த ஆன்ட்டி-ரோல் பார் ஏற்றுக்கொண்டது. எனக்கு ரொம்பப் பிடித்த தீர்வு. ஜிடி6-க்கு ரப்பர் ஜாயின்ட், கீழ் விஷ்போன் என்று செலவு செய்து பார்த்துவிட்டு, 1973-ல் அதற்கும் இந்த மலிவான ஸ்பிரிங்கையே போட்டார்கள். ஆனாலும் மார்க் 4 ஓட்டுகிறவருக்கும் அதே பழைய பயமுறுத்தல்!

சரி, நேர் ரோட்டிலேயே, மிதித்தால் ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் வண்டி இழுக்கிறதா? சக்கரம் மடங்க வளைவு வேண்டும். நேர் ரோட்டில் ஸ்விங் ஆக்சிலைத் திட்டிப் பயனில்லை. ரேடியஸ் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் சக்கரம் முன்பின் நகர்ந்து, பின்பக்கமே ஸ்டியரிங் பிடிக்கும். அந்த ஆர்ம் பிராக்கெட்டில் இருக்கும் ஷிம்மைக் கழற்றி, எண்ணிக்கை மாற்றிப் போட்டிருந்தாலும் பின்சக்கரம் கோணலாகும். நம்ம கோடில் பிழையை வைத்துக்கொண்டு லாங்குவேஜைத் திட்டுகிற கதைதான். புஷ்ஷை விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மாற்றினவர், மழை ரோட்டில் அதே உதறலோடுதான் போவார்.

இன்னொன்று, படங்கள். ஜாக்கியை இறக்கின கையோடு, கால் மடங்கின மாதிரி நிற்கும் பின்சக்கரத்தைப் படமெடுத்து ‘பாருங்க, டிசைனே தப்பு’ன்னு போடுகிறார்கள். ஜாக்கியில் தூக்கினா சக்கரம் தொங்கி மடங்கும். இறக்கினாலும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். வண்டியை நாலடி முன்னும் பின்னும் உருட்டியிருந்தால் அந்தப் படமே கிடைத்திருக்காது.