ஒட்சைட்டு: ஒரு கலைச்சொல்லின் பொருளும் வழக்கும்

ஒரு மூலகம் ஒட்சிசனுடன் சேர்ந்து உண்டாகும் சேர்வை ஒட்சைட்டு எனப்படும். இவ்வரைவிலக்கணத்திற் பிழை யாதும் இல்லை. ஆயினும் சப்பிரகமுவத் தோட்டப்புறத்து மாணவன் அச்சொல்லைப் பரீட்சைக்கென மனனஞ் செய்வதோடு நின்றுவிடுவானாயின், குறை சொல்லினதா, அதனைக் கற்பிக்கும் முறையினதா என்பது ஆராயத்தக்கது.

இச்சொல்லின் மூலவடிவம், கித்தோன் த மோர்வோ, இலவோசியே முதலிய பிரெஞ்சு அறிஞர் 1787இல் வகுத்த பெயரீட்டு முறையில் இடம்பெற்றது. அமிலத்தைப் பிறப்பிப்பது என்னும் கருத்திலேயே இலவோசியே ஒட்சிசனுக்குப் பெயரிட்டார். ஒட்சிசன் இல்லாத அமிலங்களும் உண்டென்பது பின்னர் நிறுவப்பட்டது, பெயரோ நிலைத்துவிட்டது. எனவே வேர்ப்பொருளைத் தேடி மொழிபெயர்ப்பதாற் பயன் மிகுதியில்லை. ஒட்சிசனை ‘உயிரகம்’ என்பாரும் உளர். மூச்சுக்காற்றுக்கு அது பொருந்தும். துருவில் உயிர் எங்கே என்று மாணவன் வினவினால் யாது விடை கூறுவது?

ஈழத்து வழக்கான ‘ஒட்சைட்டு’ ஒலிபெயர்ப்பேயாயினும் தமிழ் மரபிற்கு இசைந்தது. ‘ஆக்சைடு’ என்னும் தமிழகத்து வடிவத்தில் ககர ஒற்றின் பின் சகரம் வருகிறது. தமிழ் மரபில் ககர ஒற்றின் பின் ககரமே வரும். டகர ஒற்றின் பின் சகரம் வருவதற்குக் காட்சி, வெட்சி என்பன சான்று. இதனினும் சிறப்பு, எண்ணுப்பெயரை ஏற்கும் முறையில் உள்ளது. ‘கார்பன் டை ஆக்சைடு’ என்புழி கிரேக்க எண்ணும் உடன் வருகிறது. ‘காபனீரொட்சைட்டு’ என்புழியோ தமிழ் எண் புணர்ச்சி விதியோடு நிற்கிறது. மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த கிறீன் தமது நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ எனப் பெயரிட்டு 1875இல் வெளியிட்டமை இங்கு நினைக்கத்தக்கது. பிறமொழிச் சொல்லைத் தமிழுருவிற் கொள்ளும் துணிவு ஈழத்திற்குப் புதிதன்று.

இனி வழக்கைக் காண்போம். லயன் கூரைத் தகரத்தில் ஏறும் செந்நிறப் படிவைத் தோட்டப்புறத்தார் துரு என்பர். யாழ்ப்பாணத்தார் கறள் என்பர். நீரேறிய இரும்பு ஒட்சைட்டே அது. சுண்ணாம்பின் கதை வேறு. கல்லாக இருக்கையிற் கல்சியம் காபனேற்று. சூளையிற் சுட்டபின் கல்சியம் ஒட்சைட்டு. நீர் விட்டு நீற்றியபின் கல்சியம் ஐதரொட்சைட்டு. வெற்றிலையில் தடவுவது மூன்றாவதே. இரண்டாவதைத் தடவினால் வாய் வெந்துபோகும். எனினும் அடைமொழி நீங்கின் மூன்றும் சுண்ணாம்பே. இங்ஙனம் வேறுபட்டவற்றை ஒரு பெயராற் சுட்டும் வழக்கு, ஒன்றாக உள்ளதைப் பல பெயராற் பிரிக்கவும் செய்கிறது. இரத்தினபுரிச் சுரங்கக் குழிகளில் எடுக்கப்படும் மாணிக்கம், நீலம், புட்பராகம் ஆகிய மூன்றும் அலுமினியம் ஒட்சைட்டே. சிறிதளவு குரோமியம் சேர்ந்தாற் சிவப்பு. இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்தால் நீலம். இக்கனிப்பொருளின் ஆங்கிலப் பெயரான ‘கொரண்டம்’ என்பது தமிழ்க் ‘குருந்தம்’ என்பதிலிருந்து சென்றதென்பர். உலகுக்குச் சொல்லை வழங்கிய மொழியில் அப்பொருளின் இரசாயனம் வெறும் மனனமாய்க் கிடப்பது வருந்தத்தக்கது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ‘கெவுடா’ எனப்படும் பால்நிறக் குருந்தம் இரத்தினபுரியில் நெடுங்காலம் மதிப்பற்றதாகவே கருதப்பட்டது. 1970களில் தாய்லாந்து வணிகர் அதனைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சென்று, உயர் வெப்பத்திற் சுட்டு, நீலமாக்கி விற்றனர். பால்நிறத்திற்குக் காரணம் கல்லினுள் நுண்ணிழைகளாய்க் கிடந்த தைத்தேனியம் ஈரொட்சைட்டு. வெப்பத்தில் அது குருந்தத்துட் கரைந்து, அங்குள்ள இரும்போடு சேர்ந்து நீலநிறம் தந்தது. கல்லை அகழ்ந்தவருக்கு அதன் பெயர் தெரிந்திருந்தது. வாங்கியவருக்கு அதன் சேர்க்கை தெரிந்திருந்தது. விலையின் பெரும்பங்கு எவரிடம் சென்றதென விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கலைச்சொல்லை மாற்றுமாறு கோருவது வீண். பாடநூலில் இரும்பு ஒட்சைட்டு என எழுதுமிடத்துத் துருவும் கறளும், கல்சியம் ஒட்சைட்டு என எழுதுமிடத்துச் சுண்ணாம்புச் சூளையும், அலுமினியம் ஒட்சைட்டு என எழுதுமிடத்து நீலமும் கெவுடாவும் உடன் எழுதப்படல் வேண்டும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளை இவற்றுட் பலவற்றை வகுப்பறைக்கு வருமுன்னரே கண்டிருக்கும்.