பகனினியின் இன்னொரு வாத்தியம்

பகனினி என்றால் வயலின். அதுவும் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கற்ற வித்தை என்று ஐரோப்பாவையே பேசவைத்த வயலின். ஆனால் 1782இல் ஜெனோவாவில் பிறந்த அந்த மேதைக்குக் கிட்டாரும் உயிர். பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் குரோபேர் செய்த கிட்டார் ஒன்று இருக்கிறது. அதன் முகப்பலகையில் பகனினியும் இசையமைப்பாளர் பெர்லியோஸும் போட்ட கையெழுத்துகள் உள்ளன. வயலின், கிட்டார் இரண்டுக்குமாகப் பகனினி எழுதியவற்றில், தனி வயலினுக்கான அவருடைய 24 காப்ரிஸ்களில் தென்படாத ஒரு பகனினி இருக்கிறார். எனக்கு நெருக்கமானவர் இவர்தான்.

கிட்டார் தந்தியை மீட்டிய கணமே நாதம் தேயத் தொடங்கிவிடும். அதை நீட்ட வழியில்லை. வயலின் வில்லோ ஒரே ஸ்வரத்தை இழுத்து, நடுவில் பெருக்கி, நூலாக மெலியவைக்கும். பியானோவோடு வாசிக்கும்போது வயலின் தன் குரலை எழுப்பித்தான் ஆகவேண்டும். கிட்டாரோடு அந்தக் கவலை இல்லை, தாழ்ந்த குரலிலேயே பேசலாம். அப்படிப் பேசும்போதுதான் வில்லின் நுட்பமெல்லாம் காதில் விழுகிறது.

ஓபஸ் 3இன் ஆறாவது சொனாட்டாவைக் கேளுங்கள். 1820இல் மிலானின் ரிகோர்டி பதிப்பகம் காப்ரிஸ்களோடு சேர்த்து வெளியிட்ட தொகுதிகளில் ஒன்றில் வருவது. சுருதி இ மைனர். இ மைனர் கார்டில் கிட்டாரின் ஆறு தந்திகளில் நான்கு, விரலே படாமல் திறந்து ஒலிக்கும். அதனால் ஓர் அகலமான அதிர்வு கிடைக்கிறது. அதன்மேல் வயலின் அழுகையை அடக்கிக்கொண்டு பாடுகிறது. முதல் பகுதியில் வித்தை காட்டும் இடமே இல்லை. வில்லை அவசரப்படாமல் இழுக்கத் தெரிந்தவர்தான் இதை வாசிக்க முடியும். பிறகு துள்ளலான ஒரு சிறு பகுதி, அவ்வளவுதான்.

‘சொனாட்டா கொன்சர்டாட்டா’வில் இருவரும் சமம். வயலின் சொன்னதைக் கிட்டார் வாங்கித் தன் பாணியில் திருப்பிச் சொல்லும். அப்போது வயலின் ஒதுங்கித் துணை நிற்கும். கிராண்ட் சொனாட்டாவில் பகனினி இன்னும் ஒரு படி போகிறார். ராஜபாட்டை முழுக்கக் கிட்டாருக்கு. வயலின் வெறும் பக்கவாத்தியம். வயலினைப் பக்கவாத்தியமாகவே கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இது புதிதல்ல. ஆனால் உலகமே வியந்த வயலின் கலைஞர் தன் வாத்தியத்துக்கே அந்த இடத்தைக் கொடுத்தார் என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். பல கிட்டார் கலைஞர்கள் வயலினை விட்டுவிட்டு இதைத் தனியாகவே வாசிக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சிறு பங்கு இல்லாவிட்டால் ரொமான்ஸ் பகுதி வெறிச்சோடிப்போகிறது.

வியன்னாவில் கொடிகட்டிப் பறந்த கிட்டார் கலைஞர் ஜூலியானியும் இந்த ஜோடிக்கு அழகாக எழுதியவர். ஆனால் அவருடைய பளபளப்பு எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடுகிறது.

இசைத்தட்டுகளில் வயலின் கலைஞர் இட்சாக் பெர்ல்மன், கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் ஜோடியின் 1970களின் பதிவு பலருக்கும் வேதம். பெர்ல்மனின் தேன் குரலுக்கு நானும் அடிமைதான். இருந்தாலும் கில் ஷஹாமும் யோரான் சோல்ஷரும் வாசித்த பகனினி தொகுப்பையே அடிக்கடி தேடிப் போகிறேன். ஷஹாம் பல இடங்களில் வில்லின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்; சோல்ஷரின் கட்டைவிரல் மீட்டும் கீழ்த்தந்தி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துலங்குகிறது.