நிரலி தீர்ப்பு எழுதலாமா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளரும் தமிழ் மாணவருக்கு வீட்டில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய். பல்கலைக்கழகம் போனால் பல துறைகளில் இடுபணி ஆங்கிலத்தில். புரியாததைக் கேட்க லயத்தில் ஆளிருக்காது, சாட்ஜிபிடி இருக்கிறது. ஆங்கில ஆய்வுரையைத் தமிழில் விளக்கச் சொன்னால் விளக்குகிறது. இந்த உதவியைக் குறுக்குவழி என்று ஒதுக்குவது, சொல்லித்தர ஆள் வாய்த்தவர்களின் பேச்சு.

சிக்கல், 'இது இயந்திரம் எழுதியதா?' என்று பார்க்கும் கருவிகளில் இருக்கிறது. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை அத்தகைய ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டுக்கும் மேல் இயந்திரத்தின் கணக்கில் போயின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளோ பெரும்பாலும் தப்பித்தன. எளிய சொல், பழகிய வாக்கியம், அதுதான் குற்றம்! அந்த ஆண்டு ஜூலையில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியை நிறுத்தியது. ஆகஸ்டில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிடின் மென்பொருளின் கண்டறியும் வசதியை அணைத்தது.

மலேசியத் தகுதி முகமையும் 2023இல் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றி ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது. ஆனால் குறிப்பைவிட, விரிவுரையாளர் கேட்கும் கேள்விதான் மாற வேண்டும்.

'மலேசியத் தேயிலைத் தோட்ட வரலாறு எழுதுக' என்றால், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' (BOH) தோட்டத்தைத் தொடங்கியதை இயந்திரம் எழுதிவிடும். கங்காணி ஆட்களைப் பிரித்த விதம், கொழுந்து எடை போடுகையில் நடந்த சண்டை போன்றவை இணையத்தில் அதிகம் ஏறாதவை. அங்கே அது நீலகிரியையோ இலங்கையையோ கொண்டுவந்து ஒட்டக்கூடும். மாணவரை மலைக்கு அனுப்பி, ஓய்வுபெற்ற தொழிலாளரிடம் கேட்டுவந்து, எழுதியதை நேரில் விளக்கச் சொல்லலாம். இயந்திரத்தை எங்கே பயன்படுத்தினார் என்பதையும் அப்போதே கேட்கலாம். பெரிய வகுப்பில் எல்லாரிடமும் கேட்க நேரமிருக்காதுதான், சிலரிடமாவது கேட்கலாம்.

இந்த வழியிலும் ஓர் ஆபத்து உண்டு. பதிவுசெய்த பேட்டியை எழுத்தாக்க, மாணவர் அதை அப்படியே செயற்கை நுண்ணறிவுக் கருவியில் ஏற்றிவிடுவார். ஓய்வுபெற்றவரோடு இன்று கொழுந்து பறிப்பவர்களையும் அவர் பேட்டி காணலாம்; அவர்களில் வங்கதேசத்தவரும் நேப்பாளிகளும் உண்டு. சம்பளம், கடவுச்சீட்டு, முகவரிடம் பட்ட கடன் பற்றி அவர்கள் நம்பிச் சொன்னது வெளிநாட்டு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. திருட்டு எழுத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் பல்கலைக்கழகம், பேட்டி கொடுத்தவரின் ஒப்புதலை அவருக்குப் புரியும் மொழியில் வாங்கச் சொல்லி இடுபணித் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.